சொன்ன எடையில் நின்ற முள்

ரபாயேல் தன் அக்கா மரியாயிக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. எழுபத்தொன்பதாம் ஆண்டு மார்கழியில் கைநீட்டி வாங்கிய காசு. இரண்டாயிரத்தொன்று மாசி வரைக்கும் அதில் ஒரு சதம் திரும்பவில்லை.

காசில்லாமல் இல்லை. மாத்தளை டவுனில் மரக்கறிக் கடை என்றால் யாருடையது? ரபாயேலுடையது. தம்புள்ளையிலிருந்து கிழமைக்கு நாலு தரம் போஞ்சியும் கறிமிளகாயும் ஏற்றி வருகிற நீல லொறி யாருடையது? அதுவும் ரபாயேலுடையதுதான். எல்கடுவ மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பறாவில் பிறந்து, இரண்டாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர். எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். ஆனாலும் மூன்று பேர் கல்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் அவர் கணக்கைச் சொல்லிவிட்டு வெற்றிலை துப்பிவிட்டு வந்திருப்பார். கலேவெலக்காரன் கொண்டு வருகிற கத்தரிக்காய் நேற்றுப் பறித்ததா முந்தாநாள் பறித்ததா என்று லொறியை விட்டு இறங்காமலே சொல்லுவார். அப்படி ஒரு ஆள் அந்தப் பக்கத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு ஏன் அந்தக் காசைக் கொடுக்கவில்லை? கொடுத்தால் வாங்கினதாக ஆகிவிடும். வெறுங்கையோடு மலையிறங்கி வந்து, ஒருத்தன் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவர் என்பதுதான் ரபாயேலுடைய பெயர். அக்கா கிறிஸ்மஸ் முற்பணத்தையும் சீட்டுக் காசையும் சேர்த்து, காதுத் தோட்டையும் விற்று, சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து கொடுத்ததில்தான் முதல் பத்து மூட்டையும் வாங்கினார் என்பது இரண்டே பேருக்குத் தெரியும். அக்காவும் வாய் திறக்கிற ஆள் இல்லை.

"இந்தத் தொழிலுக்கு என்ன முதல் போட்டீங்க, முதலாளி?" என்று யாராவது கேட்டால், "சந்தேகம்," என்பார்.

அது வெறும் பேச்சில்லை. தம்புள்ளைச் சந்தையில் சில வியாபாரிகள் சாக்கைத் தராசில் வைப்பதற்கு முன்னாலேயே "ஐம்பத்திரண்டு!" என்று கூவுவார்கள். வைத்ததும் முள்ளும் ஐம்பத்திரண்டில் போய் நிற்கும். புதிதாக வந்தவன் இவனல்லவா நேர்மையானவன் என்று காசை எண்ணிக் கொடுப்பான். ரபாயேல் குனிந்து தட்டுக்கு அடியில் கையை விடுவார். நிறுப்பதற்கு முன் சொன்ன எடை நிறுத்த பிறகும் இம்மியும் பிசகாமல் நின்றால் அடியில் ஒரு கல் ஒட்டியிருக்கும். பத்துக்கு எட்டுத் தரம் அவர் கை வெறுமனே வெளியே வந்ததில்லை.

அந்த மாசி மாதம் எல்கடுவக் கோயில் திருநாளுக்கு ரபாயேல் ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார். பாதர் மைக்கை அவர் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். ரபாயேல் இருநூறு வார்த்தை பேசினார். "இந்த லயத்துல பொறந்தவன் நானு. ஒருத்தருகிட்ட ஒத்தச் சதத்துக்குக் கை நீட்டினதில்ல. இந்த ரெண்டு கைதான்!" என்று கையைத் தூக்கிக் காட்டினார். சனம் கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் மரியாயி இருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ரபாயேல் கல்லாவில் இருக்கும்போது மரியாயி கடைக்குள் நுழைந்தாள். ஐம்பத்தாறு வயது. இன்னமும் கொழுந்து பறிக்கிறவள். வேலை நாளில் பேரை, அன்றையக் கூலியை, விட்டுவிட்டு டவுனுக்கு வந்திருக்கிறாள் என்றதுமே ரபாயேலுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது.

"என்னாக்கா, பஸ்ஸுலயா வந்த? சொல்லியிருந்தா லொறிய அனுப்பியிருப்பேனே."

"லொறி வேணாம். ஆயிரத்து எண்ணூறு ரூவா வேணும்."

ரபாயேல் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நாலு பேர் நின்றார்கள்.

"உள்ளுக்கு வா, பேசுவோம்."

"உள்ளுக்கு எதுக்கு? இங்கனயே எண்ணிக் குடு."

"யாரு ஒன்னய அனுப்பினது? டொறீனா?" டொறீன் மரியாயியின் மகள். அதே டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை. படித்த பிள்ளை. படித்த பிள்ளைகள் மீது ரபாயேலுக்கு எப்போதுமே ஒரு சந்தேகக் கண்.

"எனக்கு ஒருத்தரு சொல்லிக் குடுக்கணுமாடா? நேத்து மைக்கப் புடிச்சி என்னா சொன்ன? ஒருத்தருகிட்டயும் கை நீட்டலன்னு. பாதரு கைதட்டுனாரு. நானுந்தான் தட்டுனேன். தட்டுன கை இன்னும் கூசுது."

"மெதுவாப் பேசக்கா. ஆளுக இருக்காங்க."

"ஆளுக இருக்கணும்னுதான் வந்தேன்."

"இருவத்தொரு வருசமா வாயத் தொறக்காதவ, இன்னைக்கு ஏன் தொறக்குற? பின்னால எவனோ இருக்கான். எவன்னு சொல்லு, காசத் தாறேன்."

மரியாயி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இரண்டு கையும் பிடரிக்குப் போயின.

"தம்பி... தல... தலைக்குள்ள என்னமோ வெடிச்சாப்பல..."

உருளைக்கிழங்கு மூட்டையில் சாய்ந்தாள். சாய்ந்தபடியே வாந்தி எடுத்தாள். ரபாயேல் கல்லாவை விட்டு எழும்பவில்லை.

"எந்திரிக்கா. இது பெரட்டுக்களம் இல்ல."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எழுபத்துநாலில் தோட்டத்துச் சனம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, மூன்று நாள் அடுப்பு எரியாத வீட்டிலிருந்து மரியாயி வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குப் போய், தோட்டத்துத் தொரையின் காலடியிலேயே தடாலென்று விழுந்தாள். கண்ணைச் செருகினாள். கங்காணி தண்ணீர் தெளித்தும் அசையவில்லை. தொரை பயந்துபோய் ஸ்டோரிலிருந்து இரண்டு கொத்து மாவு கொடுக்கச் சொன்னார். மாவு வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மரியாயி எழும்பி ரொட்டி தட்டினாள். "எப்புடி விழுந்தேன் பாத்தியா?" என்று தம்பியிடம் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காளைப் போல விழ இலங்கையில் ஆளில்லை என்பது ரபாயேலின் முடிவு.

பக்கத்துக் கருவாட்டுக் கடை றஹீம் நானாதான் ஓடி வந்தவர். குனிந்து மரியாயியின் முகத்தைத் திருப்பினார்.

"ரபாயேல் தம்பி, கண்ணப் பாருங்க. இது நடிப்பில்ல. எழும்புங்க!"

அப்போதுதான் ரபாயேல் எழும்பினார்.

திரிவீலரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். திங்கட்கிழமைக் கூட்டம் வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. மரியாயிக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. கண்ணைத் திறக்க மாட்டாமல் முனகிக்கொண்டு நானாவின் தோளில் சாய்ந்திருந்தாள். வரிசையில் இவர்களுக்கு முன்னால் ஒரு மனுசி தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் துண்டு. நூற்றுப் பதினாலாம் நம்பர். உள்ளே எண்பத்தொன்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தலவலின்னு சொன்னா நமக்கும் இதே கதிதான்," என்றார் றஹீம் நானா.

ரபாயேல் வாழ்நாளில் வரிசையில் நின்றவர் இல்லை. நிற்கிறவனுக்கு அழுகல்தான் மிஞ்சும் என்பார். துண்டு எழுதுகிறவனிடம் நேரே போய், சிங்களவனே அசந்து போகிற சிங்களத்தில், "மஹத்தயா, அக்காட்ட பப்புவே அமாருவக்!" என்று கத்தினார். நெஞ்சுக் கோளாறு என்ற அந்த ஒரு சொல்லுக்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தள்ளுவண்டி வந்தது. நம்பர் இல்லை, துண்டு இல்லை, நேரே உள்ளே.

"பாத்தீங்களா நானா?" என்றார் ரபாயேல். பிறகு ஞாபகம் வந்தது. "கல்லாவத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன். நீங்க போய்க் கடையில நில்லுங்க. காசுல கை வைக்காதீங்க, சும்மா நில்லுங்க."

"அல்லாஹ்வே, இந்த நேரத்துலயுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டு நானா போனார்.

உள்ளே இருந்த டொக்டர் மஸீஹா என்ற இளம் பெண். உக்குவெலக்காரி, தமிழ் பேசுகிறவள். மரியாயியின் கையிலும் காலிலும் நெஞ்சிலும் வயர்களை மாட்டி மெசினைத் தட்டினாள். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட பேப்பர் நாக்கு நீட்டுவது போல வெளியே வந்தது. டொக்டர் அதைப் பார்த்தாள். முகம் மாறியது.

"பாருங்கையா. இந்த மேடெல்லாம் மேல நிக்கணும். எல்லாம் தலகீழாப் பள்ளமாப் போயிருக்கு. நெஞ்சு மோசமா அடிபட்டிருக்கு. நல்ல வேள, நேரத்தோட கொண்டு வந்தீங்க."

ரபாயேல் பேப்பரை எட்டிப் பார்த்தார். நெஞ்சு என்று சொன்னது அவர். அக்கா சொல்லவில்லை. அவர் இட்டுக்கட்டிச் சொன்ன பொய்யை மெசின் எப்படி அச்சடித்துத் தருகிறது?

முதலில் பேப்பர் மாறிவிட்டது என்று நினைத்தார். "மிஸ், இது வேற ஆளோடதா இருக்கும். முன்னுக்கு ஒரு கெழவன் படுத்திருந்தானே."

"ஒங்க முன்னாலதானே எடுத்தேன்?"

"இன்னொருக்கா எடுங்க மிஸ். நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

டொக்டர் ஒரு மாதிரிப் பார்த்தாலும் மறுபடி எடுத்தாள். ரபாயேல் வயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். பேப்பர் வந்தது. அதே பள்ளங்கள், அதே வரிசையில். பிறகு துண்டு எழுதுகிறவன் மீது சந்தேகம் வந்தது. ஏதாவது கறக்கப் பார்க்கிறானோ? அவனோ இவர் பக்கமே திரும்பாமல் எண்பத்தெட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் மறுபடி அக்காவின் மீதே திரும்பியது. ஆனால் எந்த நடிகைக்கும் மெசினுக்குள் புகுந்து கோடு போட முடியாதே.

நானா சொல்லி டொறீன் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கடைச் சீருடைச் சேலை, கையில் அளவு நாடா.

"மாமா! அம்மாவுக்கு என்னா?"

"நெஞ்சு."

"நெஞ்சா? அம்மாவுக்கு நெஞ்சுல ஒரு நோவும் இருந்ததில்லியே. காலையில மாமாவப் பாக்கப் போறேன்னு மட்டும் சொல்லிட்டு வந்திச்சி. ஏன்னு கேட்டா சொல்லல."

அப்படியானால் இவள் சொல்லிக் கொடுத்து அக்கா வரவில்லை. அதையும் ரபாயேல் முழுசாக நம்பவில்லை. பாதியை நம்பினார்.

தாதி ஒருத்தி கம்பியில் போத்தலைத் தொங்கவிட்டாள். டொக்டர் கையில் ஒரு தாளோடு வந்தாள்.

"ஐயா, ரத்தக் கட்டியக் கரைக்கிற மருந்து ஏத்தப் போறோம். நெஞ்சு நோவுக்கு நல்ல மருந்து. ஆனா மண்டைக்குள்ள ரத்தக் கசிவு இருக்கிற ஆளுக்கு ஏத்தினா, ஆள் முடிஞ்சிரும். அதனால எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் ஏத்துவோம். தலையில அடி பட்டதா?"

"இல்ல."

"வாந்தி?"

"எடுத்தா."

"அது நெஞ்சு நோவுலயும் வரும். திடீர்னு கடுமையான தலவலின்னு சொன்னாங்களா?"

டொறீன் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். டொக்டரும் பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி எப்போது என்பதுதான். எப்போது என்றால் சண்டையின் நடுவில். என்ன சண்டை என்றால் காசுச் சண்டை. என்ன காசு? நேற்று மைக்கில் தூக்கிக் காட்டிய கையை இன்றைக்கு டொறீனுக்கு முன்னால் மடக்க வேண்டும். நாளைக்குப் பொழுது விடிவதற்குள் எல்கடுவ முழுவதும் தெரிந்துவிடும். அதோடு, மெசின் இரண்டு தரம் நெஞ்சு என்று சொல்லிவிட்டது. படித்த பெண் நெஞ்சு என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் வகுப்புக்காரன் சொல்லி மெசின் பொய்யாகிவிடுமா? இல்லை என்று ஒரு சொல் போதும்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண் அந்தப் பேப்பரில் போய் விழுந்தது. நிறுப்பதற்கு முன்னால் அவர் கூவிய எடை. நிறுத்த பிறகும் இம்மியும் பிசகாமல் அதிலேயே நிற்கிற முள்.

"நிப்பாட்டுங்க மிஸ்," என்றார். "நெஞ்சுன்னு நான்தான் சொன்னேன். அவ சொல்லல."

"என்ன சொல்றீங்க?"

"வரிசையில நிக்காம உள்ளுக்கு வாறதுக்காகச் சொன்ன பொய். அவ தலைன்னுதான் சொன்னா. தலைக்குள்ள வெடிச்சாப்பல இருக்குன்னு சொல்லிட்டுத்தான் விழுந்தா."

"அப்ப இந்தப் பேப்பர்?"

"அதுதான் எனக்கும் சந்தேகம். நான் சொன்னது பொய். மெசின் ஏன் அதுக்கு ஆமாம் போடுது? சொன்ன எடையிலயே முள்ளு நின்னா அடியில கைய விட்டுப் பாக்கணும் மிஸ். எங்கயாவது கல் இருக்கும்."

டொக்டர் அவரை ஒரு கணம் முறைத்தாள். பிறகு கட்டிலுக்குப் போய், மரியாயியின் தலைக்கடியில் இரண்டு கையையும் கொடுத்து மெல்லத் தூக்கினாள். கழுத்து மடங்கவில்லை. பலகையைத் தூக்கினாற்போல் தோளும் சேர்ந்து எழும்பியது. மரியாயி வலியில் கத்தினாள்.

"போத்தலக் கழட்டுங்க!" என்று தாதியிடம் சொல்லிவிட்டு டொக்டர் ரபாயேல் பக்கம் திரும்பினாள். "எத்தன மணிக்கு? என்ன செஞ்சிக்கிட்டிருந்தாங்க?"

"பத்து மணிக்கு. என்னோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தா."

"என்ன சண்ட மாமா?" என்றாள் டொறீன்.

"காசுச் சண்ட. நான் ஒங்கம்மாவுக்குக் குடுக்க வேண்டிய காசு."

"நீங்களா? அம்மாவுக்கா? எந்தக் காசு?"

"கட வச்ச காசு," என்றார் ரபாயேல். அதற்குப் பிறகு அவர் அந்த அறையில் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்புலன்சில் கண்டிக்குக் கொண்டு போனார்கள். வழியில் ஒரு காவலரணில் ஆமிக்காரன் நிறுத்தி ரபாயேலின் அடையாள அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, ஊர் எது, தொழில் என்ன, நோயாளி யார் என்று கேட்டான். ரபாயேலைப் போலவே சந்தேகக்காரன். ரபாயேலுக்கு முதல் தடவையாக அந்தக் குணம் பிடிக்கவில்லை. கண்டியில் மண்டையைப் படம் பிடித்தார்கள். மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து நின்றது. ஒரு நாளம் பலூன் போல ஊதி வெடித்திருந்தது. மண்டையைத் திறந்து அதைக் கிளிப் போட்டு அடைத்தார்கள். மரியாயி மூன்று கிழமை கண் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தாள். பிழைத்தாள். இடது காலும் இடது கையும் முன்போல இல்லை. பேச்சு மெதுவாக வந்தது.

அதற்குள் ரபாயேலுக்கு வேறொரு அரிப்பு. கண்டியில் பத்தாம் நாள் எடுத்த நெஞ்சுப் பேப்பரில் பள்ளங்கள் எல்லாம் நிமிரத் தொடங்கியிருந்தன. நெஞ்சு நல்ல நெஞ்சு என்றார்கள். அப்படியானால் முதல் பேப்பர்? பொறுக்க முடியாமல் டொக்டர் மஸீஹாவிடமே போனார். கையில் ஒரு பை போஞ்சி.

"இது எதுக்கு?" என்று டொக்டர் பையைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"சும்மாதான் மிஸ். ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த மெசின் பொய்யா சொல்லிச்சி?"

"பொய் சொல்லல, ஐயா. மூளையில திடீர்னு ரத்தம் கசிஞ்சா ஒடம்பு முழுக்க ஒரு பதட்டம் கெளம்பும். அந்தப் பதட்டம் நரம்பு வழியா, ரத்தம் வழியா நெஞ்சுல போய்க் கொட்டும். நல்ல நெஞ்சும் கெட்ட நெஞ்சு மாதிரிக் கோடு போடும். படிச்சிருக்கேன், கண்ணால பாத்தது அன்னைக்குத்தான். நீங்க நெஞ்சுன்னு கத்தினதால நானும் நெஞ்சையே பாத்துட்டேன்."

"அப்ப அடியில இருந்த கல்லு தலையில இருந்திருக்கு."

"ஆமா," என்று டொக்டர் சிரித்தாள். "போஞ்சிய எடுத்துட்டுப் போங்க. இனி வரிசையில நில்லுங்க."

சித்திரை மாதம் மரியாயி எல்கடுவ லயத்துக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் ரபாயேல் நீல லொறியில் போய் இறங்கினார். காசு விசயம் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. லயத்து வாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. பக்கத்துக் காம்பறா வேலம்மா, "மைக்கு முதலாளி வந்துட்டாரு," என்று யாருக்கோ சொன்னது அவர் காதில் விழுந்தது. விழாதது போல உள்ளே போனார்.

மரியாயி கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். மழித்த தலையில் மயிர் முள்ளுமுள்ளாய் முளைத்திருந்தது. ரபாயேல் ஒரு தடித்த உறையை எடுத்து மடியில் வைத்தார்.

"என்னா... இது?"

"அம்பதாயிரம்."

மரியாயி உறையைத் தொடவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்கு... இம்புட்டு? நா சாகப்போறேன்னு... டொக்டரு சொன்னானா?"

"சேச்சே. வட்டியோட சேத்துத்தான் அக்கா."

"நா என்னா வட்டிக்காரியா? பின்னால... என்னாத்தையோ வச்சிருக்க."

"ஒண்ணுமில்லக்கா. மாதா சத்தியமா."

"இத வாங்கினா... அடுத்த திருநாளுக்கு மைக்கப் புடிச்சி, அக்காளுக்கு அம்பதாயிரம் குடுத்தேன்னு சொல்லுவ. ஒன்னயத் தெரியாதா? எடு." உறையைப் புறங்கையால் தள்ளினாள். "ஆயிரத்து எண்ணூறு. அதுக்கு மேல ஒரு சதம் வேணாம். டொறீன், கதவ நல்லாத் தொற."

டொறீன் கதவை அகலத் திறந்தாள். வாசலில் வேலம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கூச்சமில்லாமல் நெருங்கி நின்றார்கள்.

"சத்தமா எண்ணு," என்று மரியாயி வலது கையை நீட்டி விரித்தாள். கொழுந்துக் கறை போகாத உள்ளங்கை.

தம்புள்ளைச் சந்தையில் லட்சம் ரூபாயைப் பார்க்காமலே எண்ணுகிற விரல் ரபாயேலுடையது. அன்றைக்கு நூறு ரூபாய்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார். நூறு, இருநூறு, முந்நூறு. அக்கா ஒவ்வொரு தாளையும் கண் இமைக்காமல் பார்த்தாள். ஆயிரத்து முந்நூறில் கையை ஆட்டினாள்.

"அது கிழிஞ்சிருக்கு. மாத்து."

ரபாயேல் அந்தத் தாளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேறொன்றை வைத்தார். வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை. ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து எழுநூறு. கடைசித் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு விரித்த கையில் வைத்து, "ஆயிரத்து எண்ணூறு, அக்கா," என்றார், கடைசி காம்பறா வரைக்கும் கேட்கிற மாதிரி.